சித்தூர் ஜில்லாவின் பள்ளிக்கூடங்கள்: எது முதற் கடமை?

ஒரு ஜில்லாவின் பள்ளிக்கூடங்களை நடத்தும் பொறுப்பு ஒருவர் கைக்கு வருகின்றது. கூரை ஒழுகும் கட்டடம் ஒருபுறம். உபாத்தியாயர் இல்லாத வகுப்பு மறுபுறம். தேர்ச்சி ஏன் குறைந்தது என்று மேலிடம் கேட்கும் கேள்வி இன்னொருபுறம். கையிலுள்ள பணமோ அளவுக்குட்பட்டது. இவற்றுள் எதை முதலிற் செய்வது? இதற்குப் பொதுப்பட விடை கூறுவதைவிட, ஒரு ஜில்லாவின் சரித்திரத்தைப் புரட்டிப் பார்ப்பது பயன் தரும் என்று எண்ணுகின்றோம். அதற்குச் சித்தூர், திருப்பதிப் பகுதியைக் காட்டிலும் பொருத்தமான இடம் காண்பது அரிது.

1911 ஏப்ரல் 1-ஆம் நாள், வட ஆர்க்காட்டின் ஒரு பகுதியையும் கடப்பை ஜில்லாவின் மதனப்பள்ளி, வாயல்பாடு தாலுகாக்களையும் சேர்த்துச் சித்தூர் ஜில்லா அமைக்கப்பட்டது. அதற்கு முன்பு சித்தூர் நகரமே வட ஆர்க்காட்டின் தலைநகராய் இருந்தது. அப்பெருமை பின்னர் வேலூருக்குச் சென்றது. புதிய ஜில்லாவில் தெலுங்கு பெரும்பான்மை மொழி. ஆயினும் திருத்தணி, நகரி, புத்தூர், குப்பம் ஆகிய பகுதிகளில் தமிழ் பேசும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வந்தன. அவர்கள் எங்கிருந்தும் குடிபெயர்ந்து வந்தவர்களல்லர். இருந்த இடத்திலேயே இருந்தார்கள்.

அக்காலத்தில் கிராமப் பள்ளிக்கூடத்தை நடத்தியவர் யார்? 1884-ஆம் ஆண்டின் சென்னை ஸ்தல போர்டுச் சட்டம் ஜில்லா போர்டுகளை ஏற்படுத்தியது. சாலையும் மருத்துவமனையும் பள்ளிக்கூடமும் அவற்றின் பொறுப்பாயின. நிலத்தீர்வையுடன் சேர்த்து வாங்கிய மேல்வரியே இவற்றுக்கெல்லாம் ஆதாரம். பின்னர் 1920-ஆம் ஆண்டின் ஆரம்பக் கல்விச் சட்டம் ஜில்லாதோறும் கல்வி மன்றம் அமைக்கவும், விரும்பும் ஸ்தல ஸ்தாபனங்கள் கல்வி வரி விதிக்கவும் வழி செய்தது. எந்த ஊரில் பள்ளி திறப்பது, யாரை உபாத்தியாயராக அனுப்புவது என்பவை அருகிலேயே முடிவு செய்யப்பட வேண்டும் என்பது இச்சட்டங்களின் கருத்து.

நகரங்களின் நிலைமை வேறு. திருப்பதியில் ஜெர்மானிய ஹெர்மன்ஸ்பர்க் லூத்தரன் மிஷன் பள்ளி நடத்தியது. 1888-இல் திருத்தணியில் பிறந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணன், 1896-இல் அப்பள்ளியிற் சேர்ந்து பயின்றார். திருமலைத் தேவஸ்தானம் 1945-இல் ஸ்ரீ வேங்கடேசுவரா கல்லூரியைத் தொடங்கியது. 1954-இல் பல்கலைக்கழகமும் அந்நகரில் எழுந்தது. சித்தூரையடுத்த கட்டமஞ்சியில் 1880-இல் பிறந்த இராமலிங்க ரெட்டியார், 1926-இல் ஆந்திரப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானார். அவர் 1930-இல் விலகிய பின், 1931 முதல் 1936 வரை அப்பதவியை வகித்தவர் இராதாகிருஷ்ணன். பின்பு ரெட்டியாரே மீண்டும் வந்தார். இருபத்தைந்து ஆண்டுகளுக்குள் ஒரு பல்கலைக்கழகத்தின் தலைமை இச்சிறு நிலப்பகுதியில் பிறந்த இருவரிடையே மாறி மாறி இருந்தது என்பது வியப்பன்றோ!

எனினும், மேற்படிகள் எவ்வளவு உயர்ந்தாலும் முதற்படி பழுதுபட்டிருந்தால் ஏறுவோர் தொகை குறையும். அந்த முதற்படியைச் சோதித்த காலம் 1953-இல் வந்தது.

அவ்வாண்டு அக்டோபர் 1-ஆம் நாள் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் ஜில்லா முழுவதும் அதனுடன் சென்றது. தமிழ் மிகுந்த வட்டங்களில் கிளர்ச்சி எழுந்தது. பாடஸ்கர் நடுவராக நியமிக்கப்பட்டு, கிராமத்தை அலகாகக் கொண்டு எல்லையை ஆராய்ந்தார். அதன் விளைவாக, 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி தாலுகாவின் பெரும்பகுதி சென்னை மாநிலத்திற்கு வந்தது. பொன்னேரி, திருவள்ளூர் தாலுகாக்களின் சில கிராமங்கள் ஆந்திரத்திற்குச் சென்றன. எல்லையை எவ்வளவு கவனமாகக் கிழித்தாலும் இருபுறத்திலும் சிறுபான்மையோர் எஞ்சவே செய்வர். நகரியிலும் சத்தியவேட்டிலும் தமிழர் இருந்தனர். திருத்தணியில் தெலுங்கர் இருந்தனர்.

எல்லைக்கல் நகரும்போது பெரியோர்கள் வரைபடத்தைப் பார்க்கின்றார்கள். மூன்றாம் வகுப்புச் சிறுவனுக்கோ பாடப்புத்தகம் வரும் ஊர் மாறுகின்றது. மேற்பார்வைக்கு வரும் அதிகாரியின் மொழி மாறுகின்றது. மேல்வகுப்பில் எழுதப்போகும் பரீட்சையும் மாறுகின்றது. அவனுடைய உபாத்தியாயர் ஓய்வு பெற்றால் அவ்விடத்திற்குத் தமிழ் கற்பிக்கத் தெரிந்தவர் வருவாரா என்பது நிச்சயமில்லை. ஒரு பணியிடம் நிரப்பப்படாமல் சில ஆண்டுகள் கழிந்தால், எந்த ஆணையும் பிறப்பிக்காமலே ஒரு வகுப்பு மறைந்துவிடும். ஆகவே இத்தகைய ஜில்லாவின் கல்வித் தலைவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ‘எத்தனை கட்டடம்?’ என்பதன்று, ‘எந்த ஊரில், எந்த வகுப்பில், எந்த மொழிக் குழந்தைகள் எத்தனை பேர்?’ என்பதே. அக்கணக்கு இருந்தால்தான் ஓய்வு பெறப்போகும் உபாத்தியாயருக்கு மாற்று ஆளை முன்கூட்டித் தேடலாம். புத்தகத்திற்கு முன்கூட்டி எழுதலாம்.

இது நமது கற்பனையன்று. 1949 ஆகஸ்டில் கூடிய மாகாணக் கல்வி மந்திரிகள் மாநாடு ஒரு விதி வகுத்தது. ஒரு வகுப்பில் 10 குழந்தைகளோ, பள்ளி முழுவதிலும் 40 குழந்தைகளோ ஒரு சிறுபான்மை மொழியினராய் இருந்தால், அம்மொழியிற் கற்பிக்க ஓர் உபாத்தியாயராவது நியமிக்கப்பட வேண்டும். குழந்தையின் தாய்மொழி எது? பெற்றோரோ பாதுகாவலரோ எழுதிக் கொடுப்பதே தாய்மொழி என்றும் அவ்விதி கூறியது. 1956-இல் அரசியலமைப்பிற் சேர்க்கப்பட்ட 350-ஏ பிரிவு, ஆரம்பக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க வசதி செய்யும் முயற்சியை மாநிலத்தின்மீது மட்டுமன்றி ஒவ்வொரு ஸ்தல ஸ்தாபனத்தின்மீதும் சுமத்தியது. 1959-இல் ஆந்திரப் பிரதேசம் பஞ்சாயத்து சமிதிகளையும் ஜில்லா பரிஷத்துகளையும் அமைத்துப் பள்ளிகளை அவற்றின் பொறுப்பில் விட்டபோது, அச்சுமை அவற்றின் தோளுக்கும் வந்தது.

சட்டச் சொற்களைத் தமிழாக்கும் தொழிலில் உள்ள நாம் இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அப்பிரிவு சொல்வது ‘முயற்சி’ என்பதே, ‘உத்தரவாதம்’ என்பதன்று. முயற்சி என்ற சொல்லுக்குக் கேட்பவர் இருந்தால் பொருள் உண்டு. இல்லையேல் அது தாளில் உறங்கும். பத்து என்ற எண்ணை நிறைவு செய்ய வேண்டியவர்கள் பெற்றோர்கள். வேலைக்கு உதவும் என்று மாநில மொழியையோ ஆங்கிலத்தையோ நாடும் பெற்றோரை நாம் குறை கூறமாட்டோம். அவர்களுடைய கவலை உண்மையானது. ஆனால் பயிற்று மொழியைத் தேர்வது வேறு. தாய்மொழி எது என்ற கட்டத்தில் உள்ளதை எழுதுவது வேறு. முன்னதில் எதைத் தேர்ந்தாலும் பின்னதில் தமிழ் என்று எழுதத் தடையில்லை. அங்கே தமிழ் என்று எழுதப்படாத குழந்தை எந்தக் கணக்கிலும் தமிழ்க் குழந்தையாக வாராது.

எல்லைகள் இன்னும் நகர்கின்றன. 2022 ஏப்ரல் 4-இல் திருப்பதி தனி ஜில்லாவாயிற்று. சத்தியவேடும் புத்தூரும் அதனுடன் சென்றன. குப்பம் சித்தூரிலேயே நின்றது. குப்பத்தில் 1997-இல் திராவிட மொழிகளுக்கென்று ஒரு பல்கலைக்கழகம் நிறுவப்பட்டிருப்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் அதன் வாயிலுக்கு வந்து சேரும் மாணவன் ஏதோ ஒரு கிராமத்தின் ஒன்றாம் வகுப்பிலிருந்துதான் புறப்பட வேண்டும்.

வெளிமாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நமக்கும் இதில் பாடமுண்டு. மும்பை மாநகராட்சி தமிழ்வழிப் பள்ளிகளை நடத்துகின்றது. தில்லியில் தமிழ்க் கல்விக் கழகம் பள்ளிகளை நடத்துகின்றது. இவை தாமாக முளைத்தவையல்ல. எங்கள் குழந்தைகள் இத்தனை பேர் என்று சொல்ல முன்வந்தவர்கள் இருந்ததால் நிலைத்தவை. பள்ளிகளின் தலைவர் செய்ய வேண்டிய முதல் வேலை எண்ணுவது. நாம் செய்ய வேண்டிய முதல் வேலை அந்த எண்ணிக்கையில் இடம் பெறுவது. வரும் ஆண்டில் குழந்தையைப் பள்ளியிற் சேர்க்கும்போது, விண்ணப்பத்தில் தாய்மொழி என்றிருக்கும் கட்டத்தை வெறுமையாக விடாதிருப்போமாக.