புதுச்சேரி ஆணையும் தூர்னோனின் தூதுப்பணியும்

திருப்பீடத் தூதுப்பணியின் வரலாற்றில் சார்ல் தொமா மயார் தெ தூர்னோன் (1668–1710) பெரும்பாலும் ஒரு தோல்வியின் பெயராகவே நினைக்கப்படுகிறார். துரின் நகரில் பிறந்த அவரைத் திருத்தந்தை 11ஆம் கிளமென்ட் 1701 டிசம்பரில் அந்தியோக்கியாவின் முதுபெரும் தந்தையாகத் திருநிலைப்படுத்தினார். ஆள்வதற்கென்று மறைமாவட்டம் ஏதுமின்றிப் பேராயர் நிலைக்கும் மேலான தகுதியை மட்டும் வழங்கும் பட்டம் அது; அந்தத் தகுதியோடு, இந்தியாவிலும் சீனத்திலும் மறைப்பணியாளரிடையே எழுந்திருந்த சடங்குப் பூசல்களைத் தீர்க்க முழு அதிகாரம் பெற்ற தூதராக அவர் அனுப்பப்பட்டார். 1703 நவம்பர் 6 அன்று புதுச்சேரியில் இறங்கி, 1704 ஜூலை 11 அன்று அங்கிருந்து புறப்படும் முன், மதுரை, கர்நாடக மறைப்பணிகளில் இயேசு சபையினர் ஏற்றிருந்த வழக்கங்களைத் தடைசெய்யும் ஆணையை வெளியிட்டார். தமிழ்ப் பகுதியையும் மலபார் என்றே அழைத்த அன்றைய ஐரோப்பிய வழக்கால், இந்தப் பூசல் மலபார்ச் சடங்குப் பூசல் எனப் பெயர்பெற்றது.

இந்த ஆணை குறித்துப் பிற்காலத்தவரின் பார்வையைப் பெரிதும் வடிவமைத்தது, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கத்தோலிக்கக் கலைக்களஞ்சியத்துக்காக இயேசு சபையைச் சேர்ந்த ஜோசப் ப்ரூக்கர் எழுதிய கட்டுரையாகும். தூதர் நோயுற்றுப் புதுச்சேரியிலேயே தங்கிவிட்டார், உள்நாட்டு மறைப்பணித் தலங்களைக் கண்ணால் காணவில்லை, மறைப்பணியாளரின் முழு விளக்கத்தைக் கேளாமலே தீர்ப்பு வழங்கினார் என்பது அவருடைய வாதத்தின் சாரம். தூதரின் நோயும் அவர் உள்நாடு செல்லாமையும் மறுக்க இயலாதவை. ஆனால் அவற்றிலிருந்து தூர்னோனின் அறியாமையை வருவித்துக்கொள்வது ஆணையின் வாசகத்தோடு பொருந்தவில்லை. உள்நாடு செல்ல இயலாத நிலையில் இயேசு சபையின் பூஷே, பெர்த்தோல்தி ஆகிய இருவரிடமும் விசாரித்தறிந்ததாக ஆணையே குறிப்பிடுகிறது. பூஷே தமிழ் மக்களிடையே பல ஆண்டுகள் உழைத்தவர்.

இதைவிட வலுவான சான்று தாலி பற்றிய விதியில் இருக்கிறது. பிள்ளையார் உருவம் பொறித்த தாலியைக் கிறிஸ்தவப் பெண்கள் அணியலாகாது என்பதோடு அவ்விதி நின்றுவிடவில்லை. தாலி கோக்கப்படும் கயிறு 108 இழைகளால் ஆனது, மஞ்சள் பூசப்பட்டது என்பதைக் குறிப்பிட்டு அதையும் விலக்குகிறது. அதே மூச்சில், மணமான பெண்ணின் அடையாளமாகச் சிலுவையோ கன்னி மரியாவின் உருவமோ பொறித்த ஒன்றை அணிய இடமளிக்கிறது. திருமணத்தில் அரச மரக் கிளை நடுவதும் தேங்காய் உடைப்பதும் தனித்தனியே பெயர் சுட்டி விலக்கப்படுகின்றன. இழையை எண்ணிச் சொல்லும் அளவுக்குத் தகவல் பெற்ற ஒருவரை, கேள்விப்பட்டதை வைத்துத் தீர்ப்பெழுதியவர் என்று தள்ளிவிடுவதற்கில்லை. இந்த நுணுக்கம் மதுரையின் உட்பகுதியிலிருந்து வந்ததா, புதுச்சேரி நகரத் தமிழ்க் கிறிஸ்தவர் வாயிலாக வந்ததா என்பதை ஆணையின் வாசகத்தைக் கொண்டு மட்டும் முடிவுசெய்ய இயலாது என்பதையும் சொல்லியாக வேண்டும். பின்னது உண்மையாயின், நகரத்து வழக்கமே நாடெங்கும் உள்ளதாகக் கொள்ளப்பட்டது என்னும் குறை எஞ்சும். அதுவும் ப்ரூக்கர் சாட்டும் குறையிலிருந்து வேறானதே.

புறப்படும் நாளில் மறைப்பணியாளரின் வேண்டுகோளுக்கு இணங்கி, ஆணையை மீறுவோருக்கு விதிக்கப்பட்ட திருச்சபைத் தண்டனைகளைத் தூதர் தற்காலிகமாக நிறுத்திவைத்ததை, அவரே தம் ஆணையின் கடுமையை ஒப்புக்கொண்டதாகக் கொள்ளும் போக்கும் உண்டு. அந்த இசைவு வாய்ச்சொல்லாக அளிக்கப்பட்டதாகவே கூறப்படுவதால் இங்கே சான்று மெலிந்தே இருக்கிறது. எனினும் நிறுத்தப்பட்டது தண்டனை மட்டுமே, தடை நீக்கப்படவில்லை என்ற வேறுபாட்டை அழுத்திச் சொல்லவேண்டியுள்ளது. உரோமையும் அவ்வாறே கண்டது. 1706 ஜனவரி 7 அன்று அங்கே ஆணை உறுதிசெய்யப்பட்டபோது, எதிர்ப்போரின் கருத்தைக் கேட்டுத் திருப்பீடம் வேறு ஏற்பாடு செய்யும் வரை அது கடைப்பிடிக்கப்பட வேண்டும் என்றே கூறப்பட்டது.

ஆணையின் நாள் பற்றிய சிக்கலும் கவனத்துக்குரியது. அது 1704 ஜூன் 23 என நாளிடப்பட்டு, வெளியிடப்பட்டதோ ஜூலை 8 அன்று, அதாவது தூதர் கப்பலேறுவதற்கு மூன்று நாள் முன்பு. சீனத்தில் அவர் பிறப்பித்த நான்ஜிங் ஆணைக்கும் இரண்டு நாள்கள் காணப்படுகின்றன: 1707 ஜனவரி 25 என்பது ஒன்று, பிப்ரவரி 7 என்பது மற்றொன்று. முன்னதைக் கையொப்ப நாளாகவும் பின்னதை வெளியீட்டு நாளாகவும் கொண்டால், இரண்டு ஆணைகளும் ஏறத்தாழ இரண்டு வாரம் கையில் வைத்திருந்து வெளியிடப்பட்டவை ஆகின்றன. இதை உறுதியான முடிவாகக் கூறுவதற்கில்லை என்றாலும், ஒரு செயல்முறையின் சாயல் இதில் தென்படுகிறது. விசாரணை நடக்கும், தீர்ப்பு எழுதப்படும், அதன் விளைவை அருகிருந்து காண வேண்டிய காலத்தில் தூதர் அந்த மண்ணில் இருக்கமாட்டார்.

எனவே குறை தூர்னோனின் அறிவில் அன்று, அவர் வகித்த பதவியின் அமைப்பில் இருந்தது என்பதே இங்கு முன்வைக்கப்படும் வாதம். முழு அதிகாரமும் அவரிடம் இருந்தது. தங்கியிருக்கும் கடமை இல்லை. இந்தக் குறையை அவரும் ஓரளவு உணர்ந்திருந்தார் எனக் கருத இடமுண்டு. 1705 டிசம்பர் 31 அன்று பெய்ஜிங்கில் பேரரசர் காங்சியைச் சந்தித்த பின், திருப்பீடத்தின் பேராளர் ஒருவர் அங்கேயே நிலையாகத் தங்க வேண்டும் என்னும் கோரிக்கையை முன்வைத்தார். அரசவையில் நெடுங்காலம் பழகிய ஒருவரையே ஏற்கலாம் என்பதாகப் பேரரசரின் மறுமொழி அமைந்ததால் அது கைகூடவில்லை. நான்ஜிங் ஆணைக்குப் பின் அவர் மக்காவ் நகருக்கு அனுப்பப்பட்டார். கீழ்த்திசையில் திருச்சபையின் மேல் தமக்குரிய பழைய காப்புரிமையைத் தூதரின் அதிகாரம் மீறுவதாகக் கருதிய போர்த்துகீசியர் அங்கே அவரைக் காவலில் வைத்தனர். 1707 ஆகஸ்டில் கர்தினாலாக உயர்த்தப்பட்டவர், 1710 ஜூன் 8 அன்று 41ஆம் வயதில் காவலிலேயே இறந்தார். இந்தியாவுக்கெனத் திருப்பீடப் பேராளர் நியமிக்கப்பட்டது 1884இல்தான். பேராயர் அந்தோனியோ அக்லியார்தி அப்பொறுப்பை ஏற்றார். சீனம் 1922 வரை காத்திருந்தது.

புதுச்சேரி ஆணையில் எதிர்ப்பு மிகுதியாக எழுந்தது தாலி விதிக்கு அன்று, பறையர் பற்றிய விதிக்கே. நோயுற்ற பறையரை வேறிடத்துக்குத் தூக்கி வரச் செய்யாமல், மறைப்பணியாளரே அவர்தம் வீட்டுக்குள் சென்று அருளடையாளங்களை வழங்க வேண்டும் என்று அது பணித்தது. அவ்வாறு செய்தால் மேல்சாதியினர் தங்களை அண்டமாட்டார்கள் என்பது இயேசு சபையினரின் மறுப்பு. இந்த ஒரு விதியில், புதுச்சேரியை விட்டு நகராத தூதர், ஊர் ஊராக நடந்தவர்களைவிடத் தெளிவாகக் கண்டார் என்றே சொல்ல வேண்டும். ப்ரூக்கரின் வாசிப்பு இதற்கு உரிய எடையைத் தரவில்லை. 1744 செப்டம்பர் 12 அன்று திருத்தந்தை 14ஆம் பெனடிக்ட் பூசலுக்கு முடிவு கட்டியபோது தூர்னோனின் தடைகளுள் பெரும்பாலானவை நிலைநாட்டப்பட்டன. பறையர் வீட்டுக்குச் செல்லும் கடமைக்கோ, அவர்களுக்கெனத் தனி மறைப்பணியாளரை ஒதுக்கும் ஏற்பாடு தீர்வாக ஏற்கப்பட்டது; தூர்னோன் எழுதிய விதியில் அத்தகைய பிரிவினை இல்லை.