சொட்டாமல் நிற்கும் மை

தாமலில் என் சித்தப்பா வீட்டு முன்னறையில் ஒரு குழித்தறி இருக்கிறது. தறிக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு பலகை, பலகையில் ஒரு இங்க்ஜெட் பிரிண்டர். ஜக்கார்டு அட்டை குத்தும் முன்னால் பார்டர் டிசைனைக் கட்டம் கட்டமாகத் தாளில் பார்க்க வேண்டும். முன்பெல்லாம் கையால் வரைந்தார்கள், இப்போது கம்ப்யூட்டரில் வரைந்து பிரிண்ட் எடுக்கிறார்கள். ஒரு தீபாவளி லீவில் அந்தப் பிரிண்டர் கோடு கோடாக விட்டு அடிக்க ஆரம்பித்தது. "நீ இன்ஜினியர்தானே, கொஞ்சம் பாரேன்" என்றார் சித்தப்பா. பார்த்தேன். மறுநாள் காலையில் சந்தன நிறப் பாவின் மேல் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு மை.

அவர் என்னைத் திட்டவில்லை. "இது எப்படிடா இவ்ளோ நாள் ஒழுகாம இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டார். யோசித்துப் பார்த்தால் அதுதான் சரியான கேள்வி. அடியில் ஓட்டையுள்ள ஒரு மைக்கூடு வருஷக்கணக்காக ஒழுகாமல் நிற்கிறதே, அதுவல்லவா அதிசயம்? இங்க்ஜெட்டின் வரலாறு என்று நாம் படிப்பதெல்லாம் மையைத் தெறிக்கவைத்தவர்களின் கதை. அதற்குள்ளேயே, மையைத் தெறிக்காமல் நிறுத்திவைத்தவர்களின் கதை ஒன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

முதல் ஆள் வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு. கடலடித் தந்திக் கம்பியில் வரும் மின்சாரம் மிகவும் நோஞ்சான். பேனாவைத் தாளில் உரசவிட்டால், உரசலைத் தாண்டி அதை நகர்த்தக்கூட அதற்குத் தெம்பிருக்காது. 1867-ல் தாம்சன் ஒரு கருவிக்குக் காப்புரிமை பெற்றார். மைத்தொட்டியில் ஒரு நுனியை முக்கிய மெல்லிய கண்ணாடிக் குழாய். இன்னொரு நுனி தாளைத் தொடாமல் தொங்கும். மைக்கு மின்னேற்றம் கொடுத்தால் அது தாளை நோக்கித் தானாகவே தெறிக்கும். வரும் செய்தி நெளிநெளியான கோடாக நாடாவில் விழும். சென்னையிலிருந்து பினாங்குக்குக் கடலடிக் கம்பி போட்ட காலமும் ஏறத்தாழ இதுதான். கருவியின் பெயர் சைஃபன் ரெக்கார்டர். சைஃபன், அதாவது வடிகுழாய். இந்தச் சொல்லை மறந்துவிடாதீர்கள், என் குற்றத்தில் இதற்குப் பங்கிருக்கிறது.

அடுத்தவர் ராலே பிரபு. குழாயிலிருந்து பாயும் நீர்த்தாரை ஏன் கொஞ்ச தூரம் போனதும் துளிகளாக உடைகிறது என்பதை 1870-களின் கடைசியில் கணக்குப் போட்டுக் காட்டினார். அந்தக் கணக்கை வைத்து 1960-களில் ஸ்டான்ஃபோர்டில் ரிச்சர்ட் ஸ்வீட் தாரையை ஒழுங்கான துளிகளாக உடைத்து, ஒவ்வொரு துளிக்கும் மின்னேற்றம் கொடுத்துத் திசை திருப்பினார். அதில் மை நிற்பதே இல்லை. வேண்டிய துளி தாளுக்கு, வேண்டாத துளி ஒரு சாக்கடைக்கு. தொழிற்சாலைக்கு அது சரி, வீட்டுக்கு ஆகாது.

கேட்டால் மட்டும் துளி தரும் பிரிண்டர் வேண்டும் என்றால், கேட்காதபோது மை நிற்க வேண்டும். 1977-ல் கேனனில் இச்சிரோ எண்டோ வேலை செய்துகொண்டிருந்த இடத்தில், சூடான சால்டரிங் அயர்ன் தவறுதலாக மை நிரப்பிய சிரிஞ்சின் ஊசியில் பட்டது. ஊசி நுனியிலிருந்து மை தெறித்தது. சூட்டில் பிறந்த குமிழிதான் மையைத் தள்ளியது. ஏறத்தாழ அதே காலத்தில் எச்பியில் ஜான் வாட்டின் குழுவும் தனியாக இதே இடத்துக்கு வந்து சேர்ந்தது. 1984-ல் எச்பியின் திங்க்ஜெட் வந்தது. 12 நாசில்கள், மையும் தலையும் ஒரே கார்ட்ரிட்ஜில், தீர்ந்தால் தூக்கிப் போட்டுவிடலாம்.

அந்தக் கார்ட்ரிட்ஜுக்குள் மை ஒரு ரப்பர் பையில் இருந்தது. பை எப்போதும் மையை லேசாக உள்நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும். பின்னால் வந்தவற்றில் சிலவற்றில் பஞ்சு, சிலவற்றில் சுருள்வில் வைத்த பை. வேலை ஒன்றுதான்: மையை மெல்லப் பின்னால் இழுத்துப் பிடிப்பது. நாசில் வாயில் மை உள்பக்கமாக வளைந்த ஒரு மெல்லிய தோலாக நிற்கும். பரப்பு இழுவிசை அதைப் பிடித்துக்கொள்ளும். இழுப்பு அதிகமானால் காற்று உள்ளே போகும், குறைந்தால் மை வெளியே வரும். இரண்டுக்கும் நடுவில் சில சென்டிமீட்டர் நீர்மட்ட அளவுதான் இடைவெளி.

இந்த இழுப்பைத்தான் நம்மூர்க் கடைகளில் தெரியாமல் கெடுத்தோம். கார்ட்ரிட்ஜ் விலை கட்டுப்படியாகவில்லை, சிரிஞ்சில் மை ஏற்றினோம். பஞ்சு நிரம்பி வழிந்தால் இழுக்க அதற்கு ஏது தெம்பு? பிறகு வெளியே நாலு மைப்புட்டிகளை வைத்து ரப்பர் குழாயில் இணைத்தோம். நம் ஊரில் மட்டுமில்லை, ஆசியா முழுக்க இந்தக் கைவேலை பரவியது. 2010-ல் எப்சன் தானே டாங்க் வைத்த பிரிண்டரை இந்தோனேசியாவில் இறக்கியது.

சித்தப்பாவிடம் இருந்தது கடையில் புட்டி மாட்டிக் கொடுத்த பழைய பிரிண்டர். இதில் பஞ்சும் இல்லை, வில்லும் இல்லை. புட்டியின் மட்டம் தலையைவிடத் தாழ்வாக இருப்பது ஒன்றுதான் அந்த இழுப்பு. நான் என்ன செய்தேன்? பலகையைத் துடைக்க இடைஞ்சலாக இருந்த புட்டிகளைத் தூக்கி பிரிண்டரின் தலைமேல் வைத்தேன். அடைப்பு இளகட்டும் என்று, நனைத்த துணியை மடித்துத் தலைக்கு அடியில் செருகிவிட்டுத் தூங்கப் போனேன். துணி நாசிலைத் தொட்டதும் அந்த மெல்லிய தோல் போயிற்று. துணி திரியானது, குழாய் வடிகுழாயானது. தாம்சனின் கருவியை ராத்திரி முழுக்க நான் ஓடவிட்டிருக்கிறேன்.

செய்ய வேண்டியது மிகச் சாதாரணம். கைவைக்கும் முன் புட்டிகளை இறக்குங்கள். அடைக்கும் வால்வு இருந்தால் மூடுங்கள். பிரிண்டரைச் சாய்க்காதீர்கள். துணி வைத்தால் பக்கத்திலேயே இருங்கள், வேலை முடிந்ததும் எடுத்துவிட்டுத் தலையை அதன் ரப்பர் மூடியில் கொண்டுபோய் நிறுத்துங்கள். ஒவ்வொரு கிளீனிங்கிலும் உறிஞ்சப்படும் மை அடியிலிருக்கும் கழிவுப் பஞ்சுக்குத்தான் போகிறது, அதற்கும் ஒரு கொள்ளளவு உண்டு. பட்டு இருக்கும் அறையில் இதில் எதையும் செய்யாதீர்கள். பட்டு ஒரு புரதம், சாயம் என்றால் அதற்கு உயிர்.

அன்றைக்கு சாயங்காலம் ஏரிக்கரை வரை நடந்தோம். நெடுஞ்சாலையை ஒட்டிக் கிடக்கும் பெரிய ஏரி. இந்தத் தொண்டை மண்டலமே ஏரிகளால் ஆனது. மகேந்திரவாடிக் குடைவரையில் மகேந்திரவர்மன் தன் பெயரிலான தடாகத்தைச் சொல்லிக் கல்வெட்டே வெட்டியிருக்கிறான். சித்தப்பா மதகைக் காட்டிச் சொன்னார்: "தண்ணிய நிறுத்துறது கரை இல்லடா. எந்த மட்டத்துல வாய் வைக்கணும்னு தெரிஞ்சவன்."

அது மூன்று புடவைக்கான பாவு. கறைபட்ட இழைகளை ஒவ்வொன்றாக வெட்டி, புது இழை பிணைத்து, பன்னையில் கோத்து முடிக்க அவருக்கும் சித்திக்கும் இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளுக்குக் கூலி கிடையாது. நான் பணம் கொடுத்தேன், வாங்கவில்லை. பிரிண்டர் இப்போது சமையலறைப் பக்கம் போய்விட்டது. புட்டிகள் தரையில் இருக்கின்றன.