முன்வாசலும் பின்சந்தும்

அரசர் அந்தணர்க்குக் கொடையாக அளித்த குடியிருப்பை ‘அக்ரஹாரம்’ என்னும் வடசொல் குறிக்கும். மைசூர் அரண்மனையை அடுத்த ஒரு பகுதி இன்றும் இப்பெயரையே தாங்கி நிற்கிறது. சூழலைப் பேணுவது மக்களின் மனப்பான்மையைப் பொறுத்தது என்பர். அம்மனப்பான்மை எதனால் உருவாகிறது என்பதை இந்நகரின் தெருவமைப்பே காட்டுகிறது.

அக்ரஹார வீடுகளில் விடியலில் வாசல் தெளித்துக் கோலமிடுவது நாள் தவறாத கடமை. ஆயினும் அத்தூய்மை வாசற்படியோடு முடிந்தது. கழிவு கொல்லைப்புறமாக வெளியேறியது. மைசூரின் பழைய பகுதிகளில் வீடுகளின் பின்புறம் ஓடும் குறுகிய சந்துகள் இதற்கெனவே அமைந்தவை. மலம் அள்ளுவோர் அவ்வழியே வந்து அவ்வழியே போயினர்; வீட்டார் கண்ணில் அவர்கள் பட வேண்டியதில்லை. தூய்மையாக இருப்பது ஒருவருக்கு ஆசாரம். தூய்மை செய்வது மற்றொருவருக்குச் சாதி விதித்த வேலை.

1898-இல் மைசூர் சமஸ்தானத்தைத் தாக்கிய பிளேக் நோய் எந்த வாசற்படியையும் மதிக்கவில்லை. 1903-இல் நகர மேம்பாட்டு வாரியம் அமைந்தது. புதிய குடியிருப்புகள் எழுந்தன. நகரின் வடிவம் மாறியது; கழிவைத் தொடும் கை மாறவில்லை. மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 1993-இல்தான் இயற்றப்பட்டது. 2013-இல் மேலும் விரிவான சட்டம் வந்தது.

2015-இல் 476 நகரங்களிலும், 2016-இல் 73 நகரங்களிலும் தூய்மைத் தரவரிசையில் மைசூர் முதலிடம் பெற்றது. இப்பெருமையில் பெரும்பங்கு ‘பௌரகார்மிகர்’ எனப்படும் நகரத் தூய்மைப் பணியாளர்களுடையது. கும்பாரகொப்பலில் உள்ள கழிவு மேலாண்மை நிலையத்தில் மக்கும் குப்பை உரமாகிறது. மக்காதது வகை பிரித்து விற்கப்படுகிறது. ஆனால் வீட்டிலேயே குப்பை பிரிக்கப்படாவிட்டால், அந்த வேலை முழுவதும் பணியாளர் கையில்தான் விழும். மக்குவது, மக்காதது, வீட்டு அபாயக் கழிவு என மூன்றாகப் பிரிப்பதை 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டாரின் கடமையாக்கின.

2017-இல் மைசூர் ஐந்தாம் இடத்திற்கு இறங்கியது. தரவரிசை ஏறும், இறங்கும். அதைவிடப் பெரிய மாற்றம் அடுக்களையில் நிகழ வேண்டியது. விதி சொல்வதால் மட்டும் மனப்பான்மை மாறுவதில்லை. கை பழகினால் மனமும் பழகும். உடைந்த கண்ணாடியைத் தனியே பொதிந்து வைப்பவர், அதை எடுக்கப்போகும் கையை ஒரு கணமேனும் நினைக்கிறார். பின்சந்து மறைத்து வைத்திருந்த மனிதரை முன்வாசலில் காணும்போதுதான் சூழல் பொறுப்பு தொடங்குகிறது.