காற்றை அளந்த கைகள்



நாஞ்சில் நாட்டில் ஒரு காலத்தில் அறுவடைக் களத்தில் மரக்கால் யார் கையில் இருந்ததோ, அவர் சொன்னதே கணக்கு. உழுதவன் கண்முன் நெற்குவியல் கிடக்கும். ஆயினும் அது எத்தனை கோட்டை என்று சொல்லும் உரிமை அளப்பவனுக்கே உண்டு. அளவைக் கருவியை வைத்திருப்பது ஒருவகை அதிகாரம் என்பதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். நெல்லுக்குப் பொருந்தும் இவ்வுண்மை, நாம் மூச்சாக இழுக்கும் காற்றுக்கும் பொருந்தும். காற்றை அளக்கும் கருவி எளிய மக்களின் கைக்கு வந்து சேர்ந்த வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

காற்றை ஆராயும் முயற்சி நம் பகுதிக்குப் புதிதன்று. 1956 நவம்பர் முதல் நாள் தமிழகத்தோடு இணையும் வரை நாம் திருவனந்தபுரத்தின் ஆட்சியில் இருந்தவர்கள். அந்நகரில் சுவாதித் திருநாள் மன்னர் காலத்தில், 1837-ஆம் ஆண்டில், ஒரு வானாய்வு நிலையம் எழுந்தது. 1852-இல் அதன் தலைமையை ஏற்ற ஜான் ஆலன் பிரவுன் என்னும் ஸ்காட்லாந்து அறிஞர், 1855-இல் அகத்தியமலையின் உச்சியிலும் ஓர் ஆய்வு நிலையத்தை அமைத்தார். ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில், மழையும் குளிரும் வாட்டும் இடத்தில், காந்த ஊசியின் அசைவும் காற்றின் அழுத்தமும் வெப்பமும் ஈரமும் குறிக்கப்பட்டன. ஆனால், அக்கருவிகள் அரசின் கருவிகள். அவற்றைப் படித்தறிந்தவர்கள் வல்லுநர்கள். காற்றில் என்ன நஞ்சு கலந்துள்ளது என்ற வினாவும் அக்காலத்தில் பெரிதாக எழவில்லை.

அவ்வினாவை எழுப்பியவை பெருந்துன்பங்களே. 1952 டிசம்பரில் இலண்டன் மாநகரை ஐந்து நாள் மூடிய நிலக்கரிப் புகை ஆயிரக்கணக்கான உயிர்களைக் குடித்தது. நம் நாட்டில் காற்று மாசுத் தடுப்புச் சட்டம் 1981-இல் பிறந்தது. அது பிறந்து மூன்றே ஆண்டுகளில், 1984 டிசம்பர் 2-ஆம் நாள் நள்ளிரவில், போபால் நகர மக்கள் நச்சு வளியால் மாண்டனர். சட்டம் ஏட்டில் இருந்தால் போதாது, காற்றைக் கண்காணிக்கும் கண்கள் வேண்டும் என்பதை அவ்விரவு உணர்த்திற்று.

இனி, ஒரு வாளியின் கதையைக் கேளுங்கள். 1995-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை ஒன்றின் அருகே வாழ்ந்தவர்களுக்காக எட்வர்டு மேஸ்ரி என்னும் வழக்கறிஞர் வாதாடி வந்தார். ஒருநாள் அவரே அந்தப் புகையால் நோயுற்றார். அதிகாரிகளிடம் முறையிட்டபோது, தங்கள் கருவிகளில் குற்றம் ஏதும் பதிவாகவில்லை என்ற விடையே கிடைத்தது. சினங்கொண்ட அவர், எளியவரும் வாங்கத்தக்க ஒரு கருவியை அமைத்துத் தருமாறு பொறியியலார் ஒருவரை அமர்த்தினார். அவ்வாறு பிறந்ததே காற்றுப் பிடிக்கும் வாளி.

அதன் அமைப்பு மிக எளிது. இறுக மூடிய பிளாஸ்டிக் வாளி ஒன்று; அதனுள்ளே வேதிப்பொருள்களோடு எளிதில் கலவாத டெட்லார் என்னும் தாளாலான பை. பையின் வாய் மட்டும் ஒரு குழாய் வழியே வெளிக்காற்றோடு தொடர்பு கொண்டிருக்கும். வாளிக்குள் இருக்கும் காற்றைச் சிறு பம்பினால் வெளியே இழுத்தால், உள்ளே அழுத்தம் குறையும். பை தானே விரிந்து வெளிக்காற்றை உள்வாங்கும். நம் நெஞ்சுக்கூடு விரியும்போது நுரையீரல் காற்றை இழுப்பதும் இவ்வாறுதான். பின்னர் பையை மூடி ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பினால், அதில் உள்ள வேதிப்பொருள்களைப் பிரித்துச் சொல்வார்கள்.

இந்த வாளி 2004-இல் தமிழகத்திற்கு வந்தது. கடலூருக்குத் தெற்கே உப்பனாற்றங்கரையில் உள்ள சிப்காட் தொழிற்பேட்டையின் வேதி ஆலைகளை ஒட்டிக் குடிகாடு, ஈச்சங்காடு முதலிய ஊர்கள் இருக்கின்றன. அவ்வூர் மக்கள் நெடுங்காலமாகத் துர்நாற்றத்தையும் கண்ணெரிச்சலையும் மூச்சுத் திணறலையும் முறையிட்டு வந்தனர். நாற்றம் எழும்போது அதிகாரி இல்லை. அதிகாரி வரும்போது நாற்றம் இல்லை. ஆகவே அவ்வாண்டில் ஊரார் சிலர் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர் குழுவாகத் திரண்டு பயிற்சி பெற்றனர். எந்நாள், எந்நேரம், எந்தத் திசைக் காற்று, எதைப் போன்ற நாற்றம், உடலுக்கு என்ன செய்தது என்று குறிப்பேட்டில் எழுதினர். நாற்றம் மிகுந்த வேளையில் வாளியைக் கொண்டு காற்றைப் பிடித்து, கலிபோர்னிய ஆய்வுக்கூடம் ஒன்றிற்கு அனுப்பினர். இருபதுக்கும் மேற்பட்ட நச்சு வேதிப்பொருள்கள் அக்காற்றில் இருந்தன. புற்றுநோய் விளைவிப்பனவும் அவற்றுள் அடங்கும்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். ஊரார் பிடித்த காற்று நீதிமன்றத்தில் செல்லுமா? 1981-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வாரியமோ அதன் அதிகாரம் பெற்ற அலுவலரோ உரிய முறையில் எடுத்த மாதிரியின் முடிவே அச்சட்டத்தின்கீழ் நடைபெறும் வழக்கில் சான்றாக ஏற்கப்படும். அவ்வாறாயின் வாளியால் என்ன பயன்? வாளி தீர்ப்புச் சொல்லவில்லை. மறுக்க முடியாத வினாவைத் தொடுத்தது. அன்று நடைமுறையில் இருந்த தேசியக் காற்றுத் தர அளவுகளில் பென்சீன் போன்ற வளிகளுக்கு வரம்பே வகுக்கப்படவில்லை. அளவுகோலே இல்லாத பொருளை எந்த நிலையம் அளக்கும்? 2009 நவம்பரில் வெளியான புதிய அளவுகளில்தான் பென்சீன் இடம்பெற்றது. அதே ஆண்டில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தொகுத்த மிகக் கடுமையாக மாசுற்ற தொழிற்பகுதிகளின் பட்டியலில் கடலூரும் சேர்ந்தது. இவையெல்லாம் வாளி ஒன்றால் மட்டும் விளைந்தன என்று நான் கூறேன். எனினும், ஊராரின் சொல் வெறும் புலம்பலாகத் தள்ளப்படாமல் காத்ததில் அதற்குப் பங்குண்டு.

இன்று மாணவர் ஒருவர் தம் வீட்டிலேயே தூசுமானி ஒன்றை அமைத்துக்கொள்ளலாம். சில ஆயிரம் ரூபாயே செலவு. சிறு விசிறி ஒன்று காற்றை உள்ளிழுக்கும். லேசர் ஒளி அதன் குறுக்கே பாயும். தூசு ஒவ்வொன்றும் ஒளியைச் சிதறடிக்கும். அச்சிதறலை ஓர் உணரி எண்ணும். சாளரத்தின் வழியே நுழையும் வெயிற்கற்றையில் தூசு மின்னுவதைக் காண்கிறோம் அல்லவா? அதே தத்துவம்தான். 2.5 மைக்ரான் அளவுக்குட்பட்ட தூசே நுரையீரலின் ஆழம் வரை செல்வது. தலைமயிரின் தடிப்பில் அது ஏறத்தாழ இருபத்தைந்தில் ஒரு பங்கு. ஒரு கன மீட்டர் காற்றில் இத்தகைய தூசு 24 மணி நேரச் சராசரியாக 60 மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாது என்பது நம் நாட்டு வரம்பு. உலக நலவாழ்வு நிறுவனம் 2021-இல் வகுத்த வரம்போ 15.

ஆயினும் கருவியைக் கண்மூடி நம்புதல் அறிவுடைமை ஆகாது. கடற்கரைக் காற்றில் உப்புத் துகள் மிகுதி. ஈரம் ஏறினால் அத்துகள் நீரை உண்டு பருத்து, உள்ளதைவிட மிகுதியான தூசு இருப்பதாகக் கருவியை மயக்கும். குளச்சலில் ஆடி மாதம் கிடைத்த எண்ணையும், ஆரல்வாய்மொழிக் கணவாயில் வறண்ட காற்றில் கிடைத்த எண்ணையும் அப்படியே ஒப்பிடுதல் தகாது. கருவியை அடுக்களைப் புகைக்கும் மழைக்கும் எட்டாமல், மூச்சு விடும் உயரத்தில் வையுங்கள். ஈரத்தையும் காற்றின் திசையையும் உடன் குறியுங்கள். இயலுமாயின் அரசு நிலையத்தின் கருவி அருகே சில நாள் வைத்து ஒத்துப்பாருங்கள். இது தூசை மட்டுமே எண்ணும், நச்சு வளியை அறியாது என்பதையும் மறவாதீர்கள்.

பல்லாண்டுகள் வகுப்பறையில் நின்ற அனுபவத்தால் ஒன்று சொல்வேன். கருவி செய்வது ஒரு நாள் வேலை. நாள்தோறும் தவறாது குறிப்பெழுதுவதே அறிவியல். கடலூர் மக்களின் வலிமை வாளியில் பாதி, குறிப்பேட்டில் பாதி. பாறை உடைக்கும் இடத்தருகிலோ, கனிமம் ஏற்றிய லாரிகள் ஓடும் சாலையோரத்திலோ உங்கள் பள்ளி இருக்குமானால், ஓராண்டுக் குறிப்பேடு ஒன்றை இன்றே தொடங்குங்கள். அதில் மிகையும் வேண்டா, குறையும் வேண்டா. உள்ளது உள்ளவாறு எழுதுங்கள். மரக்கால் உங்கள் கைக்கு வந்திருக்கிறது. நேர்மையாக அளப்பது உங்கள் கடமை.