விரிப்பின் மாடத்தில் யாருடைய விளக்கு?

எங்கள் வீட்டில் ஒரு முசல்லா இருந்தது. எந்திரத்தில் அடித்தது, வெல்வெட் மாதிரி வழவழப்பு, நடுவில் கஃபா படம். உம்மா தொழுது முடித்ததும் அதன் ஒரு முனையை மடித்துவிடுவார். ஏன் என்று கேட்டால் 'அது அப்படித்தான்' என்பார். படத்துக்கு என்ன அர்த்தம் என்று யாரும் விளக்கியதில்லை. யாருக்கும் அது தேவைப்படவும் இல்லை. பின்னாளில் பழைய தொழுகை விரிப்புகளைப் பற்றிய வண்ணப் புத்தகங்களைப் புரட்டியபோதுதான் அர்த்தங்கள் கொட்டிக் கிடப்பதைப் பார்த்தேன். வளைவு என்றால் சொர்க்க வாசல், விளக்கு என்றால் இறை ஒளி, செடி என்றால் வாழ்வின் மரம். கிட்டத்தட்ட ஓர் அகராதி. இந்த அகராதியைத் தொகுத்தது யார் என்பதே என் கேள்வி.

அகராதி முழுப் பொய் என்று சொல்ல வரவில்லை. வளைவு, பள்ளிவாசலின் கிப்லாச் சுவரிலுள்ள மிஹ்ராபை நினைவூட்டுவதுதான். மாடத்துக்குள் விளக்கு என்னும் உருவகம் குர்ஆனின் 24ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. ஆனால் தொழுகைக்கு இந்தச் சித்திரம் நிபந்தனை அல்ல. சுத்தமான இடமும் திசையும் போதும். நபிகள் ஈச்ச ஓலைப் பாயில் தொழுததாக ஹதீஸ்கள் சொல்கின்றன. ஆக, இந்த வடிவம் மார்க்கக் கட்டளையிலிருந்து அல்ல, வரலாற்றிலிருந்து வருகிறது. வரலாறு என்றால் அரண்மனை, சந்தை, தறி மூன்றும்தான்.

ஓர் உதாரணம். ஜேம்ஸ் பல்லார்ட் என்ற அமெரிக்கச் சேகரிப்பாளர் 1922இல் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தவற்றில் ஒன்று, 16ஆம் நூற்றாண்டின் கடைசிக் கால் பகுதியைச் சேர்ந்த ஒட்டோமான் அரசவை விரிப்பு. மூன்று வளைவுகள், இரட்டைத் தூண்கள், நடு வளைவில் விளக்கு, மேலே சின்னக் குவிமாடங்கள். 1585இல் சுல்தான் மூன்றாம் முராத் கெய்ரோவிலிருந்து 11 கம்பளக் கைவினைஞர்களைக் கம்பளியோடு சேர்த்து இஸ்தான்புலுக்கு வரவழைத்தார். தூணும் குவிமாடமும் அந்த அதிகாரத்தின் கட்டடக்கலை மொழி.

இதே வடிவம் அனதோலியாவின் லாதிக், கோர்தெஸ் பகுதித் தறிகளுக்குப் போனதும் என்ன ஆனது? தூண்கள் மெலிந்தன. அடிப்பீடம் காணாமல் போய் நாடாவாகத் தொங்கின. விளக்கு சில விரிப்புகளில் பூங்கொத்தாகவும் சிலவற்றில் ஒளு செய்யும் கெண்டியாகவும் மாறிற்று. பழைய கலை வரலாறு இதைச் 'சிதைவு' என்றது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வீட்டுத் தறியில் உட்கார்ந்த பெண்ணுக்கு அரண்மனையின் பாரத்தைத் தூண் தாங்க வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை. அவள் கலகம் செய்தாள் என்று மிகைப்படுத்தவும் வேண்டாம், விற்பதற்கும்தான் நெய்தாள். ஆனால் குறி கைமாறும்போது அதன் பொருளும் கைமாறுகிறது.

மதம்கூட அதைத் தடுக்கவில்லை. வாஷிங்டன் ஜவுளி அருங்காட்சியகத்தில் இதே தூண்களும் வளைவும் கொண்ட ஒரு கம்பளம் இருக்கிறது. மேலே ஹீப்ரு எழுத்து, சங்கீதம் 118இலிருந்து வாசலைப் பற்றிய ஒரு வரி. அது யூத ஜெப ஆலயத்தில் தோரா பேழைக்கு முன்னால் தொங்கவிடும் திரை. முஸ்லிமுக்குத் திசை, யூதருக்குத் திரை. தறிக்கு என்ன தெரியும்?

அதிகாரத்துக்குத் தெரியும். 1610இல், முதலாம் அகமதின் ஆட்சியில், கூத்தாஹ்யாவுக்கு ஓர் ஆணை போயிற்று: மிஹ்ராப், கஃபா, எழுத்து ஆகியவற்றை விரிப்புகளில் நெய்யக் கூடாது, அவை பிற மதத்தவருக்கு விற்கப்படக்கூடும். அதாவது அர்த்தத்தைக் காவல் காக்க ஓர் அரசாணை தேவைப்பட்டிருக்கிறது. விற்பனை நடந்துகொண்டிருந்தது என்பதற்கு அந்த ஆணையே சாட்சி. சந்தை அதற்கு அடங்கவுமில்லை. இன்று ருமேனியாவிலுள்ள பிரஷோவ் நகரத்தின் கறுப்புத் தேவாலயத்தில், 1689 தீ விபத்துக்குப் பிறகு சேர்ந்தவையே பெரும்பாலும், அனதோலிய விரிப்புகள் வரிசையாகத் தொங்குகின்றன. பல தொழுகை விரிப்புகள். சீர்திருத்தத்தில் படங்களை அகற்றிய லூத்தரன் சபையின் சுவரில், உருவமில்லாத இஸ்லாமிய நெசவு!

பிறகு வந்தது பெயர் சூட்டும் அதிகாரம். இவ்வகை விரிப்புகளுக்குக் கலை வரலாறு வைத்த பெயர் 'டிரான்சில்வேனியா'. அதாவது போய்ச் சேர்ந்த இடத்தின் பெயர். சாவித்துவாரம் போல உள்மடிந்த கரை கொண்ட இன்னொரு வகைக்குப் பெயர் 'பெல்லினி', வெனிஸ் ஓவியச் சகோதரர்களின் படங்களில் தென்பட்டதால். விரிப்பைத் தீட்டியவனுக்குப் பெயர் உண்டு. முடிச்சுப் போட்டவளுக்கு இல்லை. சொர்க்க வாசல், வாழ்வின் மரம் என்ற அகராதி இந்த இடைவெளியை மூடத்தான் பயன்படுகிறது. 'காலம் கடந்த ஆன்மிகம்' என்று சொல்லிவிட்டால் கூலியைப் பற்றி, கண்ணைக் கெடுத்துக்கொண்ட நெசவுக்காரியைப் பற்றிப் பேச வேண்டியதில்லை பாருங்கள்.

பழைய விரிப்புகளில் நெற்றியும் முழங்காலும் படுகிற இடங்களில் கம்பளி தேய்ந்து ஊடும் பாவும் தெரிவதுண்டு. ஏலச் சந்தையில் தேய்மானம் விலையைக் குறைக்கும் குறை. எனக்கு அந்த விரிப்பில் சந்தேகமில்லாமல் வாசிக்க முடிகிற ஒரே எழுத்து அதுதான். உம்மாவின் முசல்லாவிலும் கஃபாவுக்குக் கீழே அப்படி ஒரு வழுக்கை இருந்தது.