கணக்கில் சேர்ந்த ஓராண்டு

படிப்புக்காக நாடு விட்டு நாடு போவது பழைய வழக்கம். 12ஆம் நூற்றாண்டிலேயே சட்டம் கற்க ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி இத்தாலியின் போலோன்யாவுக்கு மாணவர்கள் வந்தார்கள். அப்படிப் பயணம் செய்வோருக்குப் பேரரசர் ஃபிரெடரிக் பார்பரோசா பாதுகாப்பு ஆணையே பிறப்பித்திருந்தார். ஆனால் ஒரு பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, பட்டப்படிப்பின் நடுவே ஓராண்டை வேறொரு நாட்டில் படித்து, திரும்பி வந்து, சேர்ந்த இடத்திலேயே உரிய காலத்தில் பட்டம் பெறும் ஏற்பாடு அவ்வளவு பழையதல்ல. ஒழுங்கான திட்டமாக அது தொடங்கி நூறு ஆண்டுகளுக்குச் சற்று அதிகமாகிறது.

இந்த நூறாண்டில் பணமும் பயணமும் மொழியும் பெரிய தடைகளாகவே இருந்தன. அவற்றைவிடக் கடினமானது இன்னொன்று: ஓர் ஊரின் பேராசிரியர் போட்ட மதிப்பெண்ணை இன்னோர் ஊரின் பல்கலைக்கழகம் தன் மதிப்பெண்ணாக ஏற்குமா? ஏற்காவிட்டால் வெளிநாட்டில் கழித்த ஆண்டு மாணவரின் வாழ்க்கையில் ஒரு வீணான ஆண்டு. அமெரிக்கா இந்தச் சிக்கலை ஒரு வழியில் தீர்த்தது, ஐரோப்பா வேறொரு வழியில் தீர்த்தது. இரண்டாவது வழிதான் உண்மையான மாற்றம் என்பது இக்கட்டுரையின் முடிபு.

முதல் வழி டெலவேர் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. ரேமண்ட் கர்க்பிரைட் முதல் உலகப் போரில் பிரான்சில் பணியாற்றித் திரும்பியவர்; டெலவேரில் மொழி கற்பிக்கும் இளம் ஆசிரியர். மூன்றாம் ஆண்டு மாணவர்களைப் பிரான்சுக்கு அனுப்பலாம் என்று அவர் 1921இல் முன்வைத்த யோசனையைப் பல்கலைக்கழகத் தலைவர் வால்டர் ஹுல்லிஹென் பிடித்துக்கொண்டார். பல்கலைக்கழகத்திடம் அதற்குப் பணமில்லை. தனியாரிடம் திரட்ட வேண்டியிருந்தது. தொழிலதிபர் பியர் து பான்ட் கைகொடுத்தார். அப்போது வணிகத் துறைச் செயலாளராக இருந்த ஹெர்பர்ட் ஹூவரும் ஆதரித்தார். மொழிப்பாடத்துக்கு வணிகத் துறையின் ஆதரவு எதற்கு என்று தோன்றலாம். போர் முடிந்து உலகச் சந்தையில் இறங்கிக்கொண்டிருந்த நாட்டுக்கு, அயல்நாட்டையும் அதன் பேச்சையும் நேரில் அறிந்த இளைஞர்கள் தேவைப்பட்டார்கள்.

1923 ஜூலை 7 அன்று எட்டு மாணவர்கள் ‘ரோஷாம்போ’ என்ற கப்பலில் ஏறினார்கள். எட்டுப் பேரும் ஆண்கள். முதலில் நான்சி நகரில் தீவிர மொழிப் பயிற்சி, பிறகு பாரிசின் சோர்போன் பல்கலைக்கழகம். தங்கல் பிரெஞ்சுக் குடும்பங்களின் வீடுகளில். சாப்பாட்டு மேசையில் பேசும் மொழி வகுப்பறை மொழியை ஈடுகட்டும் என்பது கர்க்பிரைட்டின் நம்பிக்கை. இன்றும் பல திட்டங்கள் இந்த அமைப்பைப் பெரிதாக மாற்றவில்லை.

அமெரிக்காவில் இது சாத்தியமானதற்கு அடிப்படைக் காரணம் அங்கே பட்டம் கிரெடிட்டுகளாகப் பிரிக்கப்பட்டிருந்ததே. இத்தனை கிரெடிட் சேர்ந்தால் பட்டம் என்று கணக்கிருந்தால், அதில் ஒரு பகுதியை வேறிடத்திலும் ஈட்டலாம். ஆனால் அன்றைய பாரிசில் அந்தக் கணக்கு இல்லை. அங்கே விரிவுரையைக் கேட்டுவிட்டுப் போகலாம். இறுதித் தேர்வு மட்டுமே அளவுகோல். ஆகவே கல்லூரிகள் தங்கள் பேராசிரியரையே உடன் அனுப்பின. அவர் உள்ளூர் ஆசிரியர்களைத் துணைவகுப்புகளுக்கு அமர்த்தினார், கட்டுரைகள் எழுத வைத்தார், தேர்வு நடத்தினார், மதிப்பெண்ணை ஊருக்கு அனுப்பினார். சோர்போனின் வகுப்பறைக்குள் அமெரிக்கக் கல்லூரி தன் பதிவேட்டோடு போய் உட்கார்ந்துகொண்டது என்றே சொல்ல வேண்டும்.

1925இல் மாசச்சூசெட்சின் ஸ்மித் மகளிர் கல்லூரி தன் மாணவிகளைப் பாரிசுக்கு அனுப்பியது. 1930களின் தொடக்கத்தில் அதன் திட்டம் ஸ்பெயினுக்கும் இத்தாலிக்கும் விரிந்தது. டெலவேரின் திட்டமும் பிற கல்லூரி மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு வளர்ந்தது. இரண்டாம் உலகப் போர் அதை நிறுத்தியது. போருக்குப் பின் சிறிது காலம் சுவிட்சர்லாந்தில் உயிர்பெற்றது. 1948இல் டெலவேர் அதைக் கைவிட்டது. பாரிஸ் திட்டத்தை வர்ஜீனியாவின் ஸ்வீட் பிரையர் கல்லூரி அதே ஆண்டு எடுத்து நடத்தத் தொடங்கியது.

அந்த ஓராண்டு மாணவிகளை என்ன செய்தது என்பதற்கு இரண்டு வாழ்க்கைகள் சாட்சி.

ஜாக்குலின் பூவியே, பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியின் மனைவியான ஜாக்குலின் கென்னடி, வாசர் கல்லூரி மாணவி. 1949-50 கல்வியாண்டில் ஸ்மித் கல்லூரித் திட்டத்தின் வழியாகப் பாரிஸ் சென்றார். அவர் தங்கிய வீட்டின் தலைவி, நாஜி எதிர்ப்பு இயக்கத்தில் பங்கெடுத்து ராவன்ஸ்புரூக் வதைமுகாமிலிருந்து உயிர்தப்பியவர். அவருடைய கணவர் முகாமிலிருந்து திரும்பவில்லை. பங்கீட்டு அட்டையும் குளிர்ந்த அறைகளும் நிறைந்த அந்தக் குளிர்காலத்தில், செல்வ வீட்டுப் பெண் போரின் விலையை அருகிருந்து பார்த்தார். திரும்பியவர் வாசருக்குப் போகவில்லை. வாஷிங்டனில் உள்ள பல்கலைக்கழகம் ஒன்றில் 1951இல் பட்டம் பெற்றார். பாரிசில் படித்த ஆண்டு கணக்கில் இருந்ததால்தான் இது முடிந்தது.

பின்னாளில் கறுப்பின உரிமைப் போராளியான ஏஞ்சலா டேவிஸ், பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு படித்தவர். 1963இல் ஹாமில்டன் கல்லூரித் திட்டத்தின் கீழ் பிரான்சுக்கு வந்து, பாரிசுக்குப் போகுமுன் பியாரிட்ஸ் நகரில் மொழிப் பயிற்சியில் இருந்தார். செப்டம்பர் 15 அன்று அலபாமாவின் பர்மிங்காமில், அவர் பிறந்து வளர்ந்த ஊரில், தேவாலயம் ஒன்றில் இனவெறியர்கள் வைத்த குண்டு நான்கு சிறுமிகளைக் கொன்றது. கொல்லப்பட்டவர்களில் சிலர் அவருடைய குடும்பத்துக்குத் தெரிந்தவர்கள். செய்தித்தாளில் அந்தப் பெயர்களைப் படித்தபோது, உடனிருந்த வெள்ளை இன மாணவர்களால் தன் துயரத்தின் ஆழத்தைப் புரிந்துகொள்ள முடியவில்லை என்று தன்வரலாற்றில் பதிவு செய்திருக்கிறார். சொந்த நாட்டை வெளியிலிருந்து பார்க்க வைக்கும் ஆண்டு அது என்று பொதுவாகச் சொல்வதுண்டு. டேவிசுக்கு அந்தப் பார்வை மிகக் கொடூரமாகக் கிடைத்தது.

ஐரோப்பாவின் கதை தலைகீழாகத் தொடங்குகிறது. அங்கே நாடுகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன, பல்கலைக்கழகங்கள் பழையவை, ரயில் ஏறினால் மறுநாள் காலை வேறொரு மொழி. ஆனால் ஒரு நாட்டில் படித்ததை அடுத்த நாடு ஏற்கவில்லை. பிரிட்டனில் மொழிப் பட்டங்களுக்கு மட்டும் ஓராண்டு வெளிநாட்டில் இருக்கும் வழக்கம் ஊன்றியிருந்தது. அவர்களில் பலர் பிரெஞ்சு, ஜெர்மானியப் பள்ளிகளில் துணையாசிரியராக ஆங்கிலம் கற்பித்தார்கள். பொறியியலோ வேதியியலோ படிப்பவருக்கு அப்படி எதுவும் இல்லை.

இங்கேதான் சோஃபியா கொராதி வருகிறார். 1934இல் ரோமில் பிறந்து அங்கே சட்டம் படித்தவர். 1957இல் ஃபுல்பிரைட் உதவித்தொகை கிடைத்து நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். அந்த உதவித்தொகையும் போரின் பிள்ளைதான். அமெரிக்க ராணுவம் வெளிநாடுகளில் விட்டுச்சென்ற உபரித் தளவாடங்களை விற்ற பணத்தைக் கல்விப் பரிமாற்றத்துக்குச் செலவிட 1946இல் இயற்றப்பட்ட சட்டம் அதன் ஊற்று. கொலம்பியாவில் ஒப்பீட்டுச் சட்டத்தில் முதுநிலைப் பட்டம் பெற்றுத் திரும்பிய கொராதி, அங்கே எழுதிய தேர்வுகளைத் தன் இத்தாலியப் பட்டத்தில் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டார். மறுத்துவிட்டார்கள். மற்ற மாணவர்கள் பார்க்க, ஊர் சுற்றிவிட்டு வந்தவர்போல் நடத்தப்பட்டார். விடுபட்ட தேர்வுகளை ரோமில் மறுபடி எழுதித்தான் பட்டம் வாங்கினார்.

அந்த அவமதிப்பை அவர் மனக்குறையாக வைத்துக்கொள்ளவில்லை, வேலையாக மாற்றினார். இத்தாலியப் பல்கலைக்கழகத் தலைவர்களின் மாநாட்டுக்கு ஆலோசகராக இருந்தபடி, 1969இல் ஒரு குறிப்பாவணம் எழுதினார். மாணவர் வெளிநாட்டில் என்ன படிக்கப்போகிறார் என்பதைப் புறப்படுமுன்பே அவருடைய துறை ஏற்றுக்கொள்ள வேண்டும். ஏற்றுக்கொண்டபின் திரும்பி வந்தவரிடம் மறுப்புச் சொல்லக்கூடாது. சட்டம் படித்த ஒருவருக்குத்தான் இந்த வரிசை தோன்றும். வந்தபின் மதிப்பிடுவது துறையின் தயவு. போகுமுன் ஒப்புவது ஒப்பந்தம். இன்று ஐரோப்பாவில் பரிமாற்றத் திட்டத்தில் வெளிநாடு போகும் மாணவர்கள் கையெழுத்திடும் கல்வி உடன்பாட்டுப் படிவத்தில் இருப்பது இதே கருத்துத்தான்.

1976இல் ஐரோப்பியச் சமூகத்தின் கல்வி அமைச்சர்கள் கூட்டுப் படிப்புத் திட்டங்களுக்கு ஒப்புதல் தந்தார்கள். பிரசல்ஸில் இதை வளர்த்தவர்களில் முக்கியமானவர் வேல்ஸ் நாட்டவரான ஹைவல் கேரி ஜோன்ஸ். வெளிநாட்டு ஆண்டுக்குப் பெயர்பெற்ற சசெக்ஸ் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர். திட்டங்கள் பத்தாண்டில் சில நூறாகப் பெருகின. ஆனாலும் அவை துறைக்குத் துறை, பேராசிரியருக்குப் பேராசிரியர் செய்துகொண்ட ஏற்பாடுகள். பெரிய அளவில் நடத்தச் சட்ட அடிப்படை வேண்டியிருந்தது. அந்தச் சமூகத்தை உருவாக்கிய 1957இன் ரோம் ஒப்பந்தமோ கல்வியைப் பற்றிப் பேசவில்லை; தொழிற்பயிற்சி பற்றி மட்டுமே பேசியது.

அந்தப் பூட்டைத் திறந்தவர் ஒரு சித்திரக்கதை மாணவி. பெல்ஜியத்தின் லியேஜ் நகரக் கலைக்கழகத்தில் சித்திரக்கதை வரையக் கற்க வந்த பிரெஞ்சுப் பெண் ஃபிரான்சுவாஸ் கிராவியே, அயல்நாட்டவருக்கு மட்டும் விதித்த கட்டணத்தைக் கட்ட மறுத்து வழக்காடினார். 1985 பிப்ரவரி 13 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது: ஒரு தொழிலுக்குத் தயார்செய்யும் எந்தப் படிப்பும் தொழிற்பயிற்சியே, அதில் நாட்டைப் பார்த்துக் கட்டணம் விதிப்பது பாகுபாடு. இந்த விளக்கத்தின்படி பல்கலைக்கழகக் கல்வியின் பெரும்பகுதி ரோம் ஒப்பந்தத்துக்குள் வந்துவிட்டது.

அடுத்த ஆண்டே ஐரோப்பிய ஆணையம் எராஸ்மஸ் என்ற மாணவர் பரிமாற்றத் திட்டத்தை முன்வைத்தது. பணம் என்று வந்ததும் சில பெரிய நாடுகள் பின்வாங்கின. நிதி வெட்டப்பட்டபோது, இப்படிச் சுருங்கிய திட்டம் வேண்டாமென்று 1986 இறுதியில் ஆணையமே அதைத் திரும்பப் பெற்றது. ஃபிராங்க் பியான்கெரி தலைமையிலான மாணவர் அமைப்பினர் பிரெஞ்சு ஜனாதிபதி மித்தராங்கை நேரில் சந்தித்து வாதாடினார்கள். கடைசியில் 1987 ஜூன் 15 அன்று, மூன்றாண்டுக்கு 8.5 கோடி எக்யூ (அன்றைய ஐரோப்பிய நாணய அலகு) ஒதுக்கீட்டோடு திட்டம் நிறைவேறியது. எந்தச் சட்டப் பிரிவின் கீழ் என்ற சண்டை அப்போதும் ஓயவில்லை. ஆணையம் அமைச்சர் மன்றத்தின்மீது வழக்குப் போட்டது. எராஸ்மஸின் பெரும்பகுதி தொழிற்பயிற்சிக்குள் அடங்கும் என்று 1989இல் நீதிமன்றம் சொன்னபோது, அதில் கிராவியே வழக்கின் எதிரொலி தெளிவாகக் கேட்டது.

முதல் ஆண்டில் போனவர்கள் 3,244 பேர், 11 நாடுகளிலிருந்து. சென்ற இடத்தில் கட்டணம் கிடையாது. படித்த காலத்தைச் சொந்தப் பல்கலைக்கழகம் முழுமையாக ஏற்க வேண்டும். இந்த இரண்டு நிபந்தனைகளே திட்டத்தின் உயிர். உதவித்தொகை சிறியதுதான்.

ஏற்க வேண்டும் என்று விதி எழுதிவிடலாம். எப்படி ஏற்பது? மருத்துவத்தில் பத்துப் பாடம் முடித்த மாணவரும் வரலாற்றில் இரண்டு கருத்தரங்கு முடித்தவரும் ஒரே அளவு படித்தவர்களா? 1989இல் 145 கல்வி நிறுவனங்கள் ஒரு சோதனையில் இறங்கின. வணிக மேலாண்மை, வரலாறு, மருத்துவம், வேதியியல், இயந்திரப் பொறியியல் என ஐந்து துறைகள். முழு ஆண்டுப் படிப்புக்கு 60 கிரெடிட் என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பாடத்துக்கும் மாணவர் செலுத்தும் உழைப்பின் அளவில் பங்கிட்டார்கள். எத்தனை மணி நேரம் ஆசிரியர் பேசினார் என்பதைவிட மாணவர் எவ்வளவு உழைத்தார் என்பதே அலகானது. உடன் போகும் பேராசிரியர் இனித் தேவையில்லை. பெர்லினில் தேறிய 30 கிரெடிட் போலோன்யாவிலும் 30 கிரெடிட். 1999இல் அதே போலோன்யாவில் 29 நாடுகள் கையெழுத்திட்ட அறிக்கை, பட்டங்களின் அமைப்பையே ஒத்ததாக்க உறுதியளித்தது. இந்தக் கிரெடிட் முறை அதன் அச்சாணிகளில் ஒன்றானது.

ஒருவரை ஒருவர் நம்பும் இந்த ஏற்பாட்டை அரசியல் எளிதில் முறிக்கவும் முடியும். குடியேற்றத்தைக் கட்டுப்படுத்தும்படி 2014 பிப்ரவரியில் சுவிஸ் மக்கள் வாக்களித்ததைத் தொடர்ந்து அந்நாடு எராஸ்மஸ் திட்டத்தில் முழுப் பங்கேற்பை இழந்தது. பிரிட்டன் 2020 இறுதியில் வெளியேறித் தனக்கென ட்யூரிங் திட்டத்தைத் தொடங்கியது. அது போகிறவர்களுக்குப் பணம் தந்தது, வருகிறவர்களுக்குத் தரவில்லை. பரிமாற்றம் என்பதன் பாதி அங்கே கழன்றது. அந்த இழப்பு வருந்தத்தக்கது.

ஆண்டும் சுருங்கிவருகிறது. அமெரிக்காவில் வெளிநாடு போகும் மாணவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இன்று கோடைக்காலத்துக்கோ எட்டு வாரத்துக்குள்ளோ போய்வருகிறார்கள். முழுக் கல்வியாண்டும் தங்குவோர் நூற்றுக்கு மூன்று பேருக்கும் குறைவு. எராஸ்மஸ் மாணவர்களில் பலரும் ஒரு பருவத்தோடு திரும்புகிறார்கள். பகுதிநேர வேலையை விட முடியாதவர்களுக்கும் குடும்பப் பொறுப்பு உள்ளவர்களுக்கும் குறுகிய பயணமாவது கிடைக்கிறது என்பது உண்மை. ஆனால் எட்டு வாரத்தில் ஒருவர் விருந்தாளியாகவே இருந்துவிட முடியும். கர்க்பிரைட்டும் கொராதியும் கேட்டது அதைவிடப் பெரியது.

இந்தியாவிலும் இந்தக் கதை சட்ட வடிவம் பெற்றிருக்கிறது. 2022 மே மாதம் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட விதிமுறைகள், அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களோடு இணைந்து பட்டம் வழங்க வழிசெய்தன. அவற்றில் ‘ட்வின்னிங்’ எனப்படும் முறையில் மாணவர் வெளிநாட்டில் ஈட்டும் கிரெடிட் மொத்தத்தில் 30 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. மானியக் குழுவின் சட்டகப்படி நான்காண்டு இளநிலைப் பட்டத்துக்குக் குறைந்தது 160 கிரெடிட். அதில் 30 விழுக்காடு 48. ஓராண்டுப் படிப்புக்குச் சராசரி 40 என்பதால் முழு ஆண்டும் அடங்கும். மூன்றாண்டுப் பட்டத்துக்கு 120 கிரெடிட். 30 விழுக்காடு 36. நான்கு கிரெடிட் குறைகிறது. கூட்டுப் பட்ட முறையில் இரு பக்கமும் தலா 30 விழுக்காடாவது ஈட்ட வேண்டும் என்பதே விதி என்பதால் அங்கே இந்தத் தடை இல்லை. ஆனால் மூன்றாண்டுப் பட்டமே பெருவழக்காக உள்ள தமிழ்நாட்டில், ட்வின்னிங் வழியில் செல்லும் கலைக் கல்லூரி மாணவி ஒரு முழு ஆண்டை வெளிநாட்டில் படித்தால், அந்த நான்கு கிரெடிட்டுக்கு உரிய பாடத்தை ஊர் திரும்பி மறுபடி எழுத வேண்டியிருக்கும்.