உண்ணிக்கு மூலிகை மருந்து

கால்நடைகளின் தோலில் ஒட்டிக்கொண்டு வாழும் உண்ணி, பேன், தெள்ளு ஆகிய புற ஒட்டுண்ணிகளை நாட்டுச் செடிகளைக் கொண்டு ஒழிக்கும் முறை. கொங்கு நாட்டில் கறவை மாடு, செம்மறி, வெள்ளாடு வளர்ப்போரிடையே வழங்குவது. மூன்றில் பெருந்தொல்லை உண்ணியே. ரத்தம் குடிப்பதோடு தைலேரியா, பபேசியா முதலிய நோய்களையும் பரப்பும். காங்கேயம் போன்ற நாட்டு மாடுகளைவிட ஜெர்சி, பிரீசியன் கலப்பினங்களே இதற்கு எளிதில் ஆட்படுகின்றன.

டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின், அமிட்ராஸ் ஆகியவை வழக்கமான மருந்துகள். ஓயாமல் அடித்ததில் இவற்றுக்கு அசராத உண்ணிகள் இந்தியாவின் பல பகுதிகளில் பெருகிவிட்டன. ஐவர்மெக்டின் ஊசி போட்டாலோ மருந்து பாலிலும் இறங்கும்.

தேசியப் பால்வள மேம்பாட்டு வாரியம் பரப்பிவரும் கலவை இது: பூண்டு 10 பல், வசம்பு 10 கிராம், மஞ்சள்தூள் 20 கிராம், வேப்பிலை, வேப்பம்பழம், துளசி, உண்ணிச்செடி இலை தலா ஒரு கைப்பிடி. விழுதாக அரைத்து, 1 லிட்டர் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, வெயில் நேரத்தில் மாட்டின்மேல் தெளிக்கலாம். துணியில் நனைத்தும் துடைக்கலாம். காதுமடலின் உட்புறம், வாலடி, மடி, தொடையிடுக்கு ஆகிய இடங்களில்தான் உண்ணி அப்பிக் கிடக்கும். தீரும்வரை வாரம் ஒருமுறை செய்ய வேண்டும். உண்ணிச்செடிக்கு அலைய வேண்டியதில்லை. ஆனைகட்டி, சத்தியமங்கலம் மலையடிவாரங்களில் அது வெட்டி மாளாத களை.

மாட்டுக்கு மட்டும் அடித்தால் பாதி வேலைதான். குடித்து உப்பிய பெண் உண்ணி கீழே விழுந்து, கட்டுத்தறியின் சுவர் வெடிப்பிலும் கல்லிடுக்கிலும் 2,000-க்கும் மேற்பட்ட முட்டைகளை இடும். அங்கும் தெளிக்க வேண்டும். வேம்பு கேட்கவில்லை என்று அலுத்துக்கொள்வோர் பெரும்பாலும் விட்டுவிடுவது இதைத்தான். வேம்பிலுள்ள அசாடிராக்டின் பூச்சியை அடித்த உடனே சாகடிக்காது. தோலுரித்து வளர்வதைக் குலைக்கும். அதற்கு நாள் பிடிக்கும்.

இலைதழைதானே என்று மெத்தனமாகவும் இருக்கக் கூடாது. உண்ணிச்செடியைத் தின்ற மாட்டுக்குக் கல்லீரல் கெடும் என்பதால் அரைத்த சக்கையை அது எட்டும் இடத்தில் கொட்டலாகாது. சீத்தாப்பழ விதைப்பொடி பேனைக் கொல்லும். கண்ணில் பட்டால் கருவிழி புண்ணாகும். புகையிலைக் கரைசலிலுள்ள நிகோட்டின் தோல்வழியே ஏறிக் குட்டியையே கொன்றுவிடக்கூடும். அதை அறவே தவிர்ப்பது நல்லது.

கடுங்காய்ச்சல் கண்டு, சிறுநீர் காப்பி நிறத்தில் போகும் மாட்டுக்கு ரத்தத்திலேயே நோய் ஏறியிருக்கும். அதற்கு இந்தக் கலவை உதவாது. உடனே கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும்.